மண்ணைப் புரட்டும் முன்…

செமிலிங், பீடோங், மெர்போக் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி மறந்திருக்காது. மறுநடவுக்காக டிராக்டர் மண்ணைப் புரட்டிக்கொண்டு போகும். பின்னாலேயே மைனாக்களும் கொக்குகளும் கூட்டமாக வரும். பறவைகளுக்கு அது விருந்து. மண்ணுக்கு அது இழப்பு.

மண்புழு, மரவட்டை, கரையான், வண்டு எல்லாம் கூலி கேட்காமல் மண்ணில் உழைப்பவை. சருகை மக்க வைக்கின்றன. மண்புழு போட்ட துளை வழியாக மழைநீர் உள்ளே இறங்குகிறது. இந்தச் சின்ன உயிரைப் பற்றி சார்ல்ஸ் டார்வின் 1881இல் தனி நூலே எழுதினார்.

உழும்போது துளைகள் சிதைகின்றன. வெயில் பட்டு ஈரம் வற்றுகிறது. உணவாகும் சருகு ஆழத்தில் புதைந்துவிடுகிறது. பெரிய புழுக்களும் வண்டுகளும்தான் அதிகம் அடிபடுகின்றன. நுண்ணிய உயிர்கள் சீக்கிரம் மீள்கின்றன. 40 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வந்த கட்டுரை, உழாத நிலத்தில் மண்புழுக்கள் சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் இருப்பதாகக் காட்டியது.

நம் ரப்பர் தோட்டங்கள் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் படித்தன. ஆரம்பத்தில் ஒரு புல்கூட இல்லாமல் சுரண்டி வைத்தார்கள். மழையில் மேல்மண் அடித்துப்போனது. பிறகுதான் நிரைகளுக்கு இடையே பியூரேரியா, சென்ட்ரோசீமா கொடிகளைப் படரவிட்டார்கள். 1980களின் பிற்பகுதியில், செம்பனை மறுநடவில் பழைய மரங்களை எரிக்காமல் துண்டுபோட்டு மக்கவிடும் முறையும் மலேசியாவில் உருவானது.

அப்படியானால் உழாமலே விட்டுவிடலாமா? அதிலும் சிக்கல் உண்டு. மக்கும் செம்பனைத் தண்டுகளில் காண்டாமிருக வண்டு பெருகி, இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும். தண்டுகளைக் கொடி மூடினால் அது குறையும். களையை அடக்க மருந்து அடித்துக்கொண்டே இருந்தால் வேறொரு கேடு வரும். சேற்றுழவு செய்யும் நெல் வயலுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

ஆனால் வீட்டுக்குப் பின்னால் வெண்டையும் கத்தரியும் போடுகிறவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். பாத்தி முழுவதையும் கொத்தாமல் நடும் குழியை மட்டும் தோண்டுங்கள். மற்ற இடத்தைச் சருகால் மூடுங்கள். இன்று ஒரு மண்வெட்டி மண்ணை அள்ளிப் புழுக்களை எண்ணி, எழுதி வையுங்கள். அடுத்த மழைக்காலத்தில் மறுபடி எண்ணுங்கள். கூடியிருந்தால் உங்கள் மண் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.