தலை பெரிது, மார்பு சிறிது

பிறந்ததும் குழந்தையின் எடையைப் பார்க்கிறார்கள், நீளம் அளக்கிறார்கள், தலையைச் சுற்றி நாடா வைத்து அதையும் குறித்துக்கொள்கிறார்கள். மறுநாள் துணி எடுக்கப் போகிறவர் இந்த மூன்று எண்களையும் கடைக்குக் கொண்டுபோவதில்லை. கடைக்காரர் கேட்பதும் ஒன்றே ஒன்றுதான்: “எத்தனை மாசக் குழந்தைக்கு?” “பொறந்த குழந்தைக்குங்க.” உடனே ‘0–3’ என்று அச்சிட்ட பெட்டி மேசைமேல் வந்து விழும். பச்சைக் குழந்தையின் துணியில் வீணாகும் பணம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வீணாகிறது. அந்த உடம்பு எந்த வடிவத்தில் இருக்கிறது, எந்த வேகத்தில் வளர்கிறது என்ற இரண்டையும் வயது என்ற ஒற்றை எண் மறைத்துவிடுகிறது. அவ்விரண்டும் தெரிந்தால் போதும். தள்ளுபடிக் கடையைத் தேடி அலைவதில் மிச்சமாவதைவிடக் கூடுதலாகவே மிச்சம் பிடிக்கலாம்.

முதலில் வேகம். உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணை டெல்லி, மஸ்கட், அக்ரா, ஓஸ்லோ, பிரேசிலின் பெலோட்டாஸ், அமெரிக்காவின் டேவிஸ் ஆகிய ஆறு ஊர்க் குழந்தைகளை அளந்து உருவானது. அதன்படி, நடுத்தரமான ஆண் குழந்தை பிறக்கும்போது 3.3 கிலோ, 50 செ.மீ.; மூன்று மாதம் முடியும்போது 6.4 கிலோ, 61 செ.மீ. எடை ஏறத்தாழ இரட்டிப்பான இந்த இரண்டு உடம்புக்கும் ஒரே சட்டை பொருந்தும் என்கிறது ‘0–3’ பெட்டி. ஐரோப்பாவில் குழந்தைத் துணிக்கு வேறொரு முறை உண்டு. உடல் நீளமே அளவு எண். 50, 56, 62, 68, 74, 80 என்று ஆறாறு சென்டிமீட்டராக ஏறும். இந்த ஏணியை வளர்ச்சி அட்டவணையோடு பொருத்திப் பார்த்தால் ஒரு சங்கதி பளிச்சென்று தெரிகிறது. 56 அளவைக் குழந்தை சுமார் ஆறு வாரத்தில் தாண்டிவிடும். அடுத்த படிக்கு ஏழெட்டு வாரம். அதற்கடுத்ததற்கு மூன்று மாதம், பிறகு நாலரை மாதம், பிறகு ஐந்து மாதம். பெண் குழந்தைக்குப் படிக்குப் படி சில நாள் கூடும், அவ்வளவுதான். 300 ரூபாய்ச் சட்டையை 56 அளவில் எடுத்தால் அதன் நாள் வாடகை ஏழு ரூபாய். அதே 300 ரூபாயை 74 அளவில் போட்டால் நாளுக்கு இரண்டு ரூபாய் சொச்சம். நம் வீடுகளில் நடப்பது நேர்த் தலைகீழ். குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் முதல் அளவுக்கு அள்ளிக் கொட்டிவிட்டு, ஆறாம் மாதத்தில் கையைக் கட்டிக்கொள்கிறோம்.

அடுத்தது வடிவம். பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 34 செ.மீ. மார்புச் சுற்றளவு அதைவிட ஒன்றிரண்டு செ.மீ. குறைவு. மார்பு தலையை எட்டிப் பிடிக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். பெரியவர்களின் பனியன் தைக்கிறவருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. மார்புக்குப் பொருந்தும் பனியனில் தலை சுலபமாக நுழையும். குழந்தைக்கோ, தலை நுழைகிற கழுத்து தோளில் நிற்காது. தோளில் நிற்கிற கழுத்தில் தலை நுழையாது. போதாததற்கு அந்தத் தலையைத் தாங்கக் கழுத்துக்கு இன்னும் வலு வரவில்லை. இந்தக் கணக்குக்கு இரண்டு விடைகள் உண்டு. தோளில் ஒரு மடிப்பின் மேல் இன்னொரு மடிப்பு படிந்து, தலை நுழையும்போது விரிந்துகொடுக்கிற பனியன் ஒன்று. அது பின்னல் துணி. அதில் நூல் வளையம் வளையமாகக் கோத்திருப்பதால் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். நெய்த துணியில் இது நடக்காது. இன்னொன்று, தலை வழியே போகிற வேலையையே ஒழித்துவிடுகிற ஜபலா. முன்பக்கம் திறப்பு, ஒன்றின் மேல் ஒன்றாக மூடும் இரண்டு பட்டைகள், பக்கவாட்டில் நாடா. குழந்தையை அதன் மேல் கிடத்தி, இரண்டு கையையும் நுழைத்து, நாடாவை முடிந்தால் தீர்ந்தது. மார்பு பருக்கப் பருக்க முடிச்சைத் தளர்த்திக்கொண்டே போகலாம். 2017-இல் ரயன் யாசின் என்ற விமானப் பொறியியல் படித்த வடிவமைப்பாளர், காகித மடிப்புபோல் மடிப்பு மடிப்பாக விரிந்து குழந்தையோடு வளரும் உடையைச் செய்து பிரிட்டனில் டைசன் விருது பெற்றார். நல்ல யோசனைதான், அதன் ஏழைத் தங்கை இந்த நாடா.

‘கொஞ்சம் பெரிசா எடுத்தா ரெண்டு மாசம் கூடப் போடலாமே’ என்பது பாட்டிகளின் வாதம். பள்ளிக்கூடச் சீருடைக்கு அது சரி. படுத்தே கிடக்கிற உடம்புக்குச் சரிப்படாது. தொளதொளத்த சட்டை மேலேறிக் கழுத்திலும் வாயிலும் குவியும். அதை விலக்கிவிடக் குழந்தைக்குத் தெரியாது. குளிர்க் கணக்கும் உண்டு. பச்சைக் குழந்தைக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம். உடம்பின் சூடு வெளியேறும் வழியும் அதிகம். நம்மைப்போல் நடுங்கிச் சூடு உண்டாக்கவும் அதற்குச் சரியாக வராது. தோள்பட்டைகளின் நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு தேட வேண்டும். சட்டைக்கும் தோலுக்கும் இடையே காற்று அசையாமல் நின்றால் அது போர்வை. உள்ளே புகுந்து வெளியேறினால் விசிறி. நம் ஊரில் பிறக்கும் குழந்தைகள் பலருக்கும் எடை மூன்று கிலோவை எட்டுவதில்லை. பிறந்த முதல் சில நாளில் அந்த எடையிலும் பத்தில் ஒரு பங்கு வரை குறைந்து, இரண்டு வாரத்தில்தான் மீளும். ஆக, முதல் பதினைந்து நாளுக்குப் பெரிய அளவு எதற்கும் உதவாது. சரியான அளவில் நான்கு ஜபலா இருந்தால், பெரிய அளவுக்கான பணத்தை அந்த அளவு வரும் மாதத்துக்கு ஒதுக்கலாம். 2.5 கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மட்டும் இந்தச் சிக்கனப் பேச்சே வேண்டாம். அதற்குத் தொப்பியும் காலுறையும் தாயின் நெஞ்சுச் சூடும் மருத்துவர் சொல்கிறபடி.

சூடு என்றதும் கம்பளி ஸ்வெட்டரும் கையுறையும் குல்லாவுமாகக் கட்டிவைப்பதும் தப்பு. பிரசவ அறைக்கு 25 முதல் 28 டிகிரி வெப்பம் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சித்திரை மாதத்துத் திருச்சியில் அந்த வெப்பத்துக்கு அறையைக் குளிர்விப்பதுதான் பாடு. அங்கே மெல்லிய பருத்தி ஜபலாவும் இடுப்பில் கட்டும் அரைத் துணியும் தாராளம். பிறந்த சில மணி நேரத்துக்குக் குல்லா நல்லது. ஈரத் தலை வழியே சூடு வேகமாக இறங்கும். பிற்பாடு வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குக் குல்லா கூடாது. மிஞ்சின சூட்டை வெளியேற்றும் வழியும் அந்தத் தலைதான். கை கால் ஜில்லென்று இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், அங்கே ரத்த ஓட்டம் சீராகச் சில நாளாகும். பிடரியிலோ நெஞ்சிலோ கை வைத்துப் பார்ப்பதே கணக்கு. கையுறை, காலுறை போட்டே ஆக வேண்டுமென்றால் உள்புறத்தை வெளியே திருப்பிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். தொங்கும் ஒரு நூலோ தாயின் ஒரு முடியோ விரலில் சுற்றி இறுகினால் ரத்தம் நின்றுவிடும்.

பிறந்த குழந்தைக்குப் பழைய துணிதான் முதலில் என்பது நம் வழக்கம். புதுத்துணி பெயர் வைக்கும் நாளுக்கோ தொட்டில் போடும் நாளுக்கோ வரும். கண்ணேறு, தீட்டு என்று என்ன காரணம் சொன்னாலும் துணியின் அறிவியல் இந்த வழக்கத்தின் பக்கம்தான் நிற்கிறது. நாற்பது ஐம்பது சலவை கண்ட பருத்தி வேட்டியில் நெசவுப் பசையும் மிச்சச் சாயமும் போயிருக்கும். இழை தளர்ந்து ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சும். கடைத் துணி சுருங்காமல், கசங்காமல் இருக்கப் பூசும் பொருள்களில் ஃபார்மால்டிஹைடு உண்டு. ஜப்பான் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களின் துணிக்கு அதில் தனியாகக் கடும் வரம்பே வைத்திருக்கிறது. புதுத் துணியைத் துவைத்துப் போடச் சொல்வது இதற்காக. முதல் அளவுத் துணியைப் பெரும்பாலான குழந்தைகள் சில வாரங்களே போடுவதால், அக்காள் குழந்தையின் ஜபலா ஏறக்குறையப் புதியதுதான். வாங்கிக்கொள்ளக் கூச்சம் வேண்டாம். ‘கிருமி இருக்குமே’ என்றால், சோப்பும் வெந்நீரும் வெயிலும் எதற்கு இருக்கின்றன? நியாயமான பயம் வேறொன்று: பெட்டியில் போட்ட பாச்சா உருண்டை. ஜி6பிடி என்ற நொதி குறைந்த குழந்தைகளுக்கு, நாப்தலின் வாசம் ஏறின துணியே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கக்கூடும். குறை யாருக்கு இருக்கிறது என்று பார்த்துத் தெரியாது. அந்த வாசம் உள்ள துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பச்சைக் குழந்தைக்கு வேண்டாம்.

எத்தனை உருப்படி என்பது கடைக்காரரைவிடக் கொடிக்குத்தான் தெரியும். ஒரு நாளில் எத்தனை நனைகிறது, நனைந்தது காய எத்தனை நாள் என்ற இரண்டையும் பெருக்கினால் எண் வந்துவிடும். முதல் வாரம் கழிந்த குழந்தை நாளுக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கும், மலம் தனி. பத்துப் பன்னிரண்டு அரைத் துணி என்று வையுங்கள். வைகாசியில் காலையில் காயப்போட்டது மதியம் கையில். ஐப்பசி அடைமழையில் இரண்டு நாளானாலும் பிசுபிசுக்கும். அங்கே பன்னிரண்டு, இங்கே இருபத்து நான்கு. பழைய வேட்டி ஒன்றைக் கிழித்தாலே பாதிக் கணக்கு முடிந்துவிடும். தொப்புள் கொடி விழும் வரை துணியின் மேல் விளிம்பைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிட வேண்டும். மணக்கும் துணி மென்மையாக்கி வேண்டாம், உறிஞ்சும் திறனைக் குறைக்கும், கஞ்சியும் வேண்டாம். சில துணி அரசிடமிருந்தும் வரும்: பின்லாந்து 1938 முதல் பேறுகாலப் பெட்டி கொடுத்துவருகிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2015-இல் தொடங்கிய அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தின் பதினாறு பொருள்களில் குழந்தை உடையும் துண்டும் நாப்கினும் இருந்தன. இருப்பதைக் கணக்கில் கழித்துவிட்டு மீதிக்குக் கடைக்குப் போனால் போதும்.

இத்தனை கணக்குப் போட்டாலும், நேற்றுப் பொருந்திய சட்டை இன்று ஏறவில்லை என்று தாய்மார் சொல்வதுண்டு. 1992-இல் ‘சயின்ஸ்’ இதழில் மிஷெல் லாம்ப்லும் உடன் ஆய்ந்தவர்களும் 31 குழந்தைகளை அடிக்கடி அளந்து, வளர்ச்சி நாள்தோறும் துளித்துளியாக வருவதில்லை, பல நாள் அசையாமல் நின்று திடீரெனத் தாவுகிறது என்று எழுதினார்கள். ஒப்புக்கொள்ளாத ஆய்வாளர்களும் உண்டு. துணி எடுக்கிறவருக்கு அந்தச் சண்டையில் யார் பக்கம் என்று முடிவு செய்யும் அவசியமில்லை. எந்த அளவிலும் ஐந்தாறுக்கு மேல் முன்கூட்டிச் சேர்க்காதவர் தப்பிப்பார். சேர்ந்துவிடுவது பரிசாகத்தான். தொட்டிலுக்கு வரும் சித்தி, அத்தை எல்லாருமே ‘0–3’ கவுன்தான் கொண்டுவருவார்கள். ‘என்ன வாங்கட்டும்?’ என்று கேட்கிறவரிடம் 74 என்று சொல்லிவிடலாம். ஆறாம் மாதம் முதல் பத்தரை மாதம் வரை உழைக்கிற அளவு அது. மாதத்தையும் எண்ணிச் சொல்ல வேண்டும். சித்திரையில் பிறந்த குழந்தை அதைப் போடுவது ஐப்பசி முதல் மாசி வரை, முழுக்கை எடுக்கலாம். ஐப்பசியில் பிறந்ததற்கு அதே அளவு வருவது வெயில் காலத்தில். கையில்லாத பருத்திச் சட்டையே போதும்.