பாதிரியார் பிறந்த கதை

இத்தாலி நாட்டிலே மிலான் என்று ஒரு நகரம். கி.பி. 374-ம் ஆண்டு. அந்த ஊர் பிஷப் இறந்துபோனார். அடுத்த பிஷப் யார்? ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. ஏசுநாதர் பிதாவுக்குச் சமமானவரா, அல்லவா என்பதில் அந்தக் காலத்தில் பெரிய சண்டை. இரு கட்சியாரும் கோவிலுக்குள் கூடிவிட்டார்கள். அடிதடி வந்துவிடும் போல் இருந்தது.

கலகத்தைத் தடுக்க அந்த மாகாணத்தின் கவர்னர் ஓடி வந்தார். அவர் பெயர் அம்புரோஸ். வயது முப்பத்தைந்து இருக்கலாம். "அமைதி காக்க வேண்டும்" என்று மக்களுக்குப் புத்தி சொன்னார். அவர் பேசிக்கொண்டிருந்தபோது கூட்டத்தில் ஒரு குழந்தை, அவரையே பிஷப் என்று கூவியதாம். அவ்வளவுதான்! இரு கட்சியாரும் சண்டையை மறந்து அந்தக் குரலையே பிடித்துக்கொண்டார்கள்.

அம்புரோசுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பாதிரியார் அல்ல. இன்னும் ஞானஸ்நானம்கூடப் பெறாதவர்! மக்கள் தம்மை வெறுக்கட்டும் என்று, விசாரணைக் கைதிகளைச் சித்திரவதை செய்ய உத்தரவிட்டாராம். இரவோடு இரவாக ஊரை விட்டும் ஓடினாராம். அவரிடம் காரியதரிசியாக இருந்தவர் எழுதி வைத்த வாழ்க்கை வரலாற்றில் இப்படி இருக்கிறது. கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம். ஆனால் முடிவு சரித்திரம். அம்புரோஸ் ஞானஸ்நானம் பெற்றார். எட்டே நாளில் பிஷப் ஆனார்.

நேற்று கவர்னர்; இன்று பிஷப். இடையிலே என்ன நடந்தது? மற்ற பிஷப்புகள் அவர் தலைமேல் கை வைத்து ஜெபித்தார்கள்.

அந்தக் கை வைப்பில் என்ன இருக்கிறது? கை பட்டதும் மனிதன் மாறிவிடுகிறானா? அல்லது அது வெறும் வேலை நியமனமா? இந்தக் கேள்விக்காகக் கிறிஸ்தவ சமயமே பிளந்திருக்கிறது. அதன் கதை நீளமானது.

மணி கட்டிய அங்கி

கதை ஆரோனிடம் தொடங்குகிறது. ஆரோன், மோசேயின் அண்ணன். யூதர்களின் முதல் பிரதான ஆசாரியர். பன்னிரண்டு கோத்திரங்களில் லேவி கோத்திரத்துக்கு மட்டும் நிலபுலன் கிடையாது. கோவில் ஊழியமே அவர்கள் சொத்து. மற்றவர்கள் கொடுக்கும் தசமபாகமே, அதாவது பத்தில் ஒரு பங்கே, அவர்கள் பிழைப்பு. அந்தக் கோத்திரத்திலும் ஆரோன் குடும்பத்தில் பிறந்தவர்தான் பலி செலுத்தலாம். அப்பனுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன்.

பிரதான ஆசாரியரின் உடையைப் பார்த்தாலே வேலை விளங்கும். மார்பிலே பன்னிரண்டு கற்கள். ஒவ்வொரு கல்லிலும் ஒரு கோத்திரத்தின் பெயர். ஜனங்கள் எல்லாரையும் நெஞ்சிலே சுமந்துகொண்டு ஆண்டவன் முன் போகிறார் என்று பொருள். அங்கியின் ஓரத்தில் பொன் மணிகள். நடந்தால் ஒலிக்கும். வருடத்தில் ஒரே நாள், அவர் ஒருவர் மட்டும், கோவிலின் உள்ளறைக்குள் போவார். மக்களின் பாவத்துக்குப் பரிகாரம் செய்யத்தான் போகிறார். ஆனால் முதலில் தம் பாவத்துக்கும் தம் வீட்டார் பாவத்துக்கும் ஒரு காளையைப் பலியிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பாவத்தைப் போக்க வருகிறவரும் பாவிதான் என்று அந்தச் சட்டமே ஒப்புக்கொண்டது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேண்டியிருக்கும்.

கி.பி. 70-ல் ரோமாபுரிப் படை எருசலேம் கோவிலை இடித்துத் தரைமட்டமாக்கியது. கோவில் போனதும் பலியும் நின்றது. யூதர்களுக்குள்ளே "கோகன்" என்ற குடும்பப் பெயர் இன்றும் உண்டு. ஆசாரியர் என்பதே அதன் பொருள். பெயர் இருக்கிறது, பலிபீடம் இல்லை.

மூப்பரும் கண்காணியும்

ஏசுநாதர் ஆசாரியர் குலத்தில் பிறந்தவர் அல்ல. யூதா கோத்திரத்துக்காரர். எருசலேம் கோவிலில் பலி செலுத்த அவருக்கு உரிமை இல்லை. அவருடைய சீடர்களில் மீனவர் உண்டு, வரி வசூலித்தவர் உண்டு. ஆசாரியராகப் பணி செய்தவர் என்று ஒருவரையும் பைபிள் சொல்லவில்லை.

புதிய ஏற்பாட்டைப் புரட்டினால் இன்னொரு ஆச்சரியம் காத்திருக்கிறது. சபைத் தலைவர் ஒருவரைக்கூட அது "ஆசாரியர்" என்ற பதவிப் பெயரால் அழைக்கவில்லை. அந்தப் பெயரை அது கிறிஸ்தவர்களுக்குள் இரண்டே இடத்தில் வைக்கிறது. ஒன்று, ஏசுநாதருக்கு. எபிரெயருக்கு எழுதிய நிருபம் அவரைப் பிரதான ஆசாரியர் என்கிறது. ஆரோன் வழியில் அல்ல, மெல்கிசேதேக்கு வழியில். மெல்கிசேதேக்கு ஆபிரகாம் காலத்து ராஜா. அப்பமும் திராட்ச ரசமும் கொண்டுவந்து ஆபிரகாமை ஆசீர்வதித்தவர். அவருக்குத் தாய் தந்தை, வம்சம் எதுவும் சொல்லப்படவில்லை. பிறப்பால் வராத ஆசாரியம் அது. இரண்டாவது, விசுவாசிகள் அனைவருக்கும். பேதுருவின் நிருபம் மொத்த ஜனத்தையுமே ஆசாரியக் கூட்டம் என்கிறது.

அப்படியானால் சபையை நடத்தியவர்களுக்கு என்ன பெயர்? தமிழ் பைபிளிலேயே இருக்கிறது. "மூப்பர்" என்பது ஒன்று. "கண்காணி" என்பது மற்றொன்று. தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேய்த்த கண்காணியை நம்மவர்களுக்குத் தெரியும். அதே சொல்தான்! மேற்பார்வை பார்ப்பவர். கிரேக்க மொழியில் "எபிஸ்கோபோஸ்". அதுதான் தேய்ந்து "பிஷப்" ஆனது. மூப்பருக்குக் கிரேக்கத்தில் "பிரெஸ்பிட்டரோஸ்". அது தேய்ந்து இங்கிலீஷில் "பிரீஸ்ட்" ஆனது. ஆக, பலி செலுத்துபவரைக் குறிக்க இங்கிலீஷ்காரர்கள் சொல்லும் சொல்லுக்கு, வேரிலே "வயதில் பெரியவர்" என்றுதான் பொருள்.

மூப்பர் எப்போது ஆசாரியர் ஆனார்? ஒரே நாளில் அல்ல. ஏசுநாதரின் கடைசி இராப்போசனத்தைச் சபை நினைவுகூர்ந்து அப்பத்தையும் ரசத்தையும் படைத்தது. அது பலி என்று சொல்லப்பட்டது. பலி என்றால் பலி செலுத்துபவர் வேண்டுமே? வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரின் பிஷப்பாக இருந்தவர் சிப்பிரியான். 258-ம் ஆண்டு ரோமாபுரி அரசு அவர் தலையை வெட்டியது. அவர் எழுத்துக்களில் பிஷப்புக்கு ஆசாரியர் என்ற பெயர் தாராளமாக வந்துவிட்டது.

புத்தகத்தைக் கொடுத்தவர்கள்

அதே கார்த்தேஜில்தான் பெரிய புயல் கிளம்பியது.

303-ம் ஆண்டு டயோக்ளீஷியன் சக்கரவர்த்தி ஓர் ஆணை போட்டார். "கிறிஸ்தவர்களின் வேத புத்தகங்களைப் பிடுங்கி எரிக்க வேண்டும். கோவில்களை இடிக்க வேண்டும்." உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு, புத்தகத்தைக் கொடுத்தவர்களும் உண்டு. கார்த்தேஜ் பிஷப் சாமர்த்தியக்காரர். தள்ளுபடியான மாற்றுக் கொள்கைக்காரர்களின் புத்தகங்களைக் கோவிலில் வைத்துவிட்டு, அதிகாரிகள் எடுத்துப்போகட்டும் என்று விட்டுவிட்டார். எல்லாருக்கும் அந்தச் சாமர்த்தியம் இல்லை. பயந்து, உண்மையான வேதத்தையே நீட்டியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு லத்தீனில் "ஒப்படைத்தவர்கள்" என்று பெயர். "துரோகி" என்பதற்கு இங்கிலீஷில் உள்ள "டிரெய்ட்டர்" என்ற சொல் அந்த வேரில் பிறந்ததுதான்.

புயல் ஓய்ந்தது. கார்த்தேஜுக்குப் புது பிஷப்பாக செசீலியன் வந்தார். உடனே எதிர்ப்பு. "உன் தலையில் கை வைத்த பிஷப் புத்தகத்தைக் கொடுத்த துரோகி. அவன் கையில் தேவ அருள் ஏது? நீ பிஷப்பே அல்ல" என்றார்கள். அந்தப் பழி பொய் என்று அரசு விசாரணை முடிவு செய்தது. யாரும் கேட்கவில்லை. எதிர்க்கட்சி தனி பிஷப்பை நியமித்தது. அவர்களின் தலைவர் டொனாட்டஸ். ஊருக்கு ஊர் இரண்டு பிஷப், இரண்டு கோவில் என்று நூறு ஆண்டு நடந்தது.

இது பாதிரிமார்கள் பதவிச் சண்டை என்று தள்ளிவிடக் கூடாது. ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். அவள் குழந்தை ஞானஸ்நானம் பெற்று மறு வாரம் இறந்துவிட்டது. ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் துரோகி என்று பிறகு தெரிகிறது. அந்த ஞானஸ்நானம் செல்லுமா, செல்லாதா? குழந்தை கரை சேர்ந்ததா? டொனாட்டஸ் கட்சியார் பதில், "செல்லாது." அழுக்குக் கை எதைச் சுத்தம் செய்யும் என்பது அவர்கள் வாதம். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது.

இதற்குப் பதில் சொல்ல வந்தவர் அகஸ்டின். இவர் பாதிரியார் ஆனதே விருப்பம் இல்லாமல்தான். 391-ல் ஹிப்போ என்ற ஊருக்கு வந்திருந்தார். கோவிலில் மக்கள் அவரைப் பிடித்து இழுத்துப்போய் பிஷப் முன் நிறுத்திப் பட்டம் கொடுக்கச் செய்தார்கள். அகஸ்டின் அழுதார். "உடனே பிஷப் பதவி தரவில்லையே என்று அழுகிறார் போலும்" என்று சிலர் தேற்றினார்களாம்!

அகஸ்டினின் வாதம் எளிமையானது. ஞானஸ்நானம் கொடுப்பது பாதிரியார் அல்ல, கிறிஸ்து. பாதிரியார் கல்லால் கட்டிய கால்வாய். கல்லில் பயிர் முளைக்காது. ஆனால் கால்வாய் வழியே போன தண்ணீர் தோட்டத்தில் பாயும். கால்வாய்க்குப் பயன் இல்லாவிட்டாலும் தோட்டத்துக்கு உண்டு. இன்னொரு உவமையும் சொன்னார். ரோமாபுரிச் சிப்பாயின் உடம்பில் சக்கரவர்த்தியின் முத்திரையைச் சுடுவார்கள். சிப்பாய் பட்டாளத்தை விட்டு ஓடிப்போனாலும் முத்திரை போகாது. திரும்பி வந்தால் மறுபடி சுடவும் மாட்டார்கள். பட்டமும் அப்படித்தான்.

411-ல் கார்த்தேஜில் இரு தரப்பு பிஷப்புகளும் நூற்றுக்கணக்கில் கூடினார்கள். சக்கரவர்த்தி அனுப்பிய அதிகாரி நடுவராக உட்கார்ந்தார். தீர்ப்பு அகஸ்டின் பக்கம். அந்தத் தாய் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் அதன் பிறகு டொனாட்டஸ் கட்சியாரை அபராதத்தாலும் சட்டத்தாலும் அரசு நசுக்கியது. அகஸ்டின் அதை ஆதரித்தும் எழுதினார். நல்ல வாதத்தை வைத்திருந்தவருக்குத் தடி எதற்கு என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

முத்திரை அழியுமா?

ஆயிரம் ஆண்டுகள் அந்த முத்திரையை யாரும் பெரிதாகத் தொடவில்லை. இடையில் மேற்கத்திய சபை பாதிரியாருக்குக் கல்யாணம் கூடாது என்று கட்டுத்திட்டம் செய்தது. 1139-ல் லாத்தரன் சங்கத்தில் அது உறுதியானது. பேதுருவுக்கு மாமியார் இருந்ததாக பைபிள் சொல்கிறது! கிழக்கத்திய சபைகளில் இன்றும் கல்யாணமானவர் பாதிரியார் ஆகலாம். பிஷப் ஆவது மட்டும் முடியாது.

1520-ல் ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் அடியோடு கேள்வி கேட்டார். அவரும் பட்டம் பெற்ற பாதிரியார்தான். 1507-ல் முதல் பூசை செய்தபோது பீடத்தின் முன் நடுங்கிப்போனவர். அவர் எழுதினார்: ஞானஸ்நானம் பெற்ற எல்லாரும் ஆசாரியர்களே. செருப்புத் தைப்பவருக்கு ஒரு வேலை, உழவருக்கு ஒரு வேலை, பாதிரியாருக்கு ஒரு வேலை. பாலைவனத்தில் தவிக்கும் சில கிறிஸ்தவர்கள் தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் போதும், அவர் பாதிரியார்தான். வேலையை விட்டு நீக்கினால் மறுபடியும் உழவர், குடியானவர்.

முத்திரையாவது, அழியாததாவது என்றுதான் இதற்கு அர்த்தம். கத்தோலிக்கத் திருச்சபை சும்மா இருக்கவில்லை. 1563-ல் டிரெண்ட் சங்கம், முத்திரை அழியாது என்று அடித்துச் சொன்னது. பாதிரியார்களைப் பயிற்றுவிக்கக் குருமடங்கள் வேண்டும் என்றும் விதித்தது. நானூறு ஆண்டு கழித்து, 1964-ல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் சற்று இறங்கி வந்தது. விசுவாசிகள் எல்லாருக்கும் பொதுவான ஆசாரியம் உண்டு என்றது. ஆனால் பாதிரியாரின் ஆசாரியம் அளவில் மட்டும் அல்ல, தன்மையிலேயே வேறு என்றும் சேர்த்துச் சொன்னது.

நம் காலத்தில் இந்தக் கேள்வி மறுபடி சுடுகிறது. குழந்தைகளுக்குத் தீங்கு செய்த பாதிரியார்களைப் பற்றிய செய்திகள் 2002-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வெடித்தன. பல நாடுகளிலும் வெளிவந்தன. சில பிஷப்புகள் அவர்களை ஊர் மாற்றி மறைத்ததும் தெரிந்தது. கால்வாய் அழுக்கானாலும் தண்ணீர் சுத்தம் என்பது தாய்க்குச் சொன்ன ஆறுதல். அழுக்குக் கால்வாயைக் காப்பாற்றச் சொன்னது அல்ல. முத்திரை வேறு, வேலையில் வைத்திருப்பது வேறு. கத்தோலிக்கச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. குற்றவாளியைக் குருத்துவ நிலையிலிருந்தே நீக்கலாம். பூசை செய்யத் தடை போடலாம். ஆனால் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. சாகக் கிடக்கும் ஒருவர் பாவமன்னிப்புக் கேட்டால், நீக்கப்பட்டவர்கூட அதை வழங்கலாம். அது செல்லும். அந்த நேரத்தில் சட்டம் பாதிரியாரைப் பார்ப்பதில்லை, சாகிறவரைத்தான் பார்க்கிறது.

பெண்கள் பாதிரியார் ஆகலாமா என்பதிலும் இதே வேறுபாடுதான். கத்தோலிக்கத் திருச்சபையும் கிழக்கத்திய சபைகளும் முடியாது என்கின்றன. 1994-ல் போப் இரண்டாம் ஜான் பால் அதைத் திட்டவட்டமாக அறிவித்தார். தென்னிந்தியத் திருச்சபையில் 1976 முதல் பெண்கள் பட்டம் பெற்று வருகிறார்கள்.

தரங்கம்பாடி ஆரோன்

கதை நம் கடற்கரைக்கும் வந்து சேர்ந்தது. 1706-ல் ஜெர்மனியிலிருந்து சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் லூதர் வழியினர். கடலூரில் பிறந்த ஆறுமுகம் என்ற வாலிபருக்கு 1718-ல் ஞானஸ்நானம் கிடைத்தது. புதுப் பெயர் என்ன தெரியுமா? ஆரோன்!

உபதேசியாராகப் பல ஆண்டு உழைத்த ஆரோனுக்கு 1733, டிசம்பர் 28-ந் தேதி தரங்கம்பாடியில் பட்டம் கொடுக்கப்பட்டது. புரட்டஸ்டண்டுத் திருச்சபையில் பாதிரியார் ஆன முதல் தமிழர், முதல் இந்தியர் அவர். பைபிளில் வரும் ஆரோனுக்கு ஆசாரியம் குலச்சொத்து. மகனுக்குப் போய்ச் சேர்ந்தது. கடலூர் ஆரோனுக்கு அது குலத்தாலும் வரவில்லை, குலத்துக்கும் போகவில்லை. அவர் 1745-ல் காலமானார்.