ஓடையில் இறங்கும் வகுப்பு

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் செசபீக் விரிகுடாவுக்கு ஏறத்தாழ 1,66,000 சதுர கிலோமீட்டர் நிலத்திலிருந்து நீர் வடிந்து வருகிறது. தமிழ்நாட்டைவிடப் பெரிய பரப்பு அது. அது விரிந்திருக்கும் ஆறு மாநிலங்களில் எங்கோ ஒரு சோளக்காட்டில் அளவுக்கு மீறித் தூவிய உரம், மழையில் கரைந்து ஓடை வழியே விரிகுடாவைச் சேர்கிறது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் கிடைத்ததும் பாசி பெருகுகிறது. அது மடிந்து மட்கும்போது நீரிலிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. கோடையில் ஆழப்பகுதிகளில் நண்டும் மீனும் தங்க முடிவதில்லை.

இதைப் பாடப்புத்தகத்தில் அம்புக்குறி போட்டு விளக்கிவிடலாம். ஆனால், அந்த விரிகுடாவையே பார்த்திராத மலையோரத்துச் சிறுமிக்கு அந்தப் படம் தேர்வோடு மறந்துபோகும். அதனால்தான் விரிகுடாவை மீட்பதற்கான 2000ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் ஓர் அருமையான வாக்குறுதியும் இடம்பெற்றது. 2005இல் பள்ளிப்படிப்பை முடிப்பவர்கள் தொடங்கி, நீர்ப்பிடிப்புப் பகுதியின் ஒவ்வொரு மாணவருக்கும் விரிகுடாவிலோ ஓடையிலோ நேரடிக் கல்வி அனுபவம் கிடைக்க வேண்டும் என்றது அது. 2014இல் வந்த புதிய ஒப்பந்தம், தொடக்க, நடு, உயர்நிலை என மூன்று கட்டங்களிலும் குறைந்தது ஒருமுறை என்று இலக்கை உயர்த்தியது.

ஓடையில் நடப்பது மிக எளிய சோதனை. ஒரு பிள்ளை வலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொரு பிள்ளை நீரோட்டத்தில் அதற்குச் சற்று மேலே நின்று கூழாங்கற்களைக் காலால் கிளறுகிறது. வலையில் சிக்கியதை வெள்ளைத் தட்டில் கொட்டினால் முதலில் வெறும் சருகும் மணலும்தான் தெரியும். கொஞ்சம் பொறுத்தால் குப்பை அசையத் தொடங்கும். வயிற்றின் இருபுறமும் செவுள்கள் படபடக்க, மேஃபிளை பூச்சியின் இளம்பருவம் ஊர்ந்து வரும். கேடிஸ்ஃபிளை புழு, மணல்துகள்களைத் தன் பட்டிழையால் ஒட்டிக் கட்டிய குழலை இழுத்துக்கொண்டு நகரும். இவற்றில் பெரும்பாலானவை ஆக்சிஜன் நிறைந்த, தூய்மையான நீரில்தான் பிழைக்கும். ஹீமோகுளோபின் உள்ள சிவப்புப் புழுக்கள் மட்டுமே நெளிந்தால், அந்த ஓடை நோயுற்றிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

ரசாயனச் சோதனை அந்த நேரத்து நீரைப் பற்றி மட்டுமே சொல்லும். இந்தப் பூச்சிகளோ மாதக்கணக்கில் அங்கேயே வாழ்பவை. போன வாரம் கலந்துபோன நஞ்சுக்கும் இவைதான் சாட்சி.

ஒருநாள் சுற்றுலாவாகப் போய் வந்தால் இத்தனையும் வீண் என்பது என் உறுதியான எண்ணம். பூச்சி ஏன் இல்லை என்ற கேள்வி, தட்டில் அதைத் தேடிப் பார்த்த பிள்ளைகளிடமிருந்தே எழ வேண்டும். அவர்களே கரையோரமாக மேலே நடந்து, மரமில்லாத கரை சரிந்து கற்களின் இடுக்குகளை வண்டல் அடைத்திருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கரையில் மரக்கன்று நடும்வரை பாடம் முடிவதில்லை. வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நிழல் நீரைக் குளிர்விக்கும். குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் கூடுதலாகக் கரையும். உதிரும் இலைகள் கேடிஸ்ஃபிளை புழுக்களில் பலவற்றுக்கு உணவாகும்.