பழமைத் தோற்றப் பொதியுறைகளும் தமிழ் எழுத்தும்

கடைகளில் இன்று பழமைத் தோற்றம் கொண்ட பொதியுறைகள் பெருகியுள்ளன. காப்பித்தூள், பலகாரம், சோப்பு, தைலம் எனப் பல பொருள்கள் பழுப்பேறிய தாள்போன்ற பின்னணியும் மங்கிய எழுத்தும் தாங்கி விற்பனைக்கு வருகின்றன. வடிவமைப்புப் பயிலும் மாணவர்களும் தீபாவளிச் சந்தைக்கெனப் பொருள் செய்யும் சிறு வணிகர்களும் இத்தோற்றத்தை விரும்புகின்றனர். விரும்புவதில் குறையில்லை. ஆயினும், அவர்கள் பின்பற்றுவது பழைய பொதியுறையையா, அதன்மேல் படிந்த முதுமையையா என்பது ஆராயத்தக்கது.

பழைய லேபிள் அச்சேறிய நாளில் பழுப்பாக இருந்ததில்லை. மரக்கூழ்த் தாளிலுள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளியும் காற்றும் பட்டு நிறம் மாறுவதால் நேர்ந்ததே அப்பழுப்பு. லேபிளைச் செய்தவரோ தம்மால் இயன்ற பளிச்சென்ற சிவப்பையும் பச்சையையும் பொன்னிறத்தையுமே நாடினார். வெளிச்சம் குறைந்த கடையினுள் தம் சரக்கு கண்ணில் பட வேண்டும் என்பது அவர் கவலை. கறையையும் கிழிசலையும் கணினியில் வரைந்து சேர்ப்பது, பாட்டியின் இளமைத் தோற்றத்தை வரையப் புகுந்தவர் முகச் சுருக்கங்களையும் சேர்த்து வரைவதை ஒக்கும்.

அக்காலத் தோற்றத்தைப் பெரிதும் உருவாக்கியது அச்சுமுறையே. பவேரியாவில் அலோய்ஸ் செனெஃபெல்டர் 1796இல் கல்லச்சு முறையைக் கண்டறிந்தார். கோட்ஃப்ருவா எங்கெல்மன் 1837இல் வண்ணக் கல்லச்சுக்குக் காப்புரிமை பெற்றார். எத்தனை நிறமோ அத்தனை கல். ஒவ்வொரு கல்லிலும் அந்நிறத்துக்குரிய பகுதியை மட்டும் தனியே வரைய வேண்டும். நிறம் கூடினால் செலவும் கூடும். ஆகவே சில நிறங்களே தட்டையாகப் பூசப்பட்டன. இடைப்பட்ட சாயல்கள் நுண்புள்ளிகளால் காட்டப்பட்டன. எழுத்தும் ஈய அச்சாகக் கோக்கப்படாமல், படத்தோடு சேர்த்துக் கையால் வரையப்பட்டது. பழைய லேபிள்களில் எழுத்து வில்லாக வளைவதும், நாடாவுக்குள் நெளிவதும், மூலையில் சுருங்குவதும் இதனால் எளிதாயின. தகரத்தின்மேல் அச்சிடும் முறைக்கு 1875இல் இங்கிலாந்தில் ராபர்ட் பார்க்லே காப்புரிமை பெற்ற பின்னர், பிஸ்கட் டப்பாக்களும் இந்த அழகைப் பெற்றன.

மற்றொரு காரணம் வாங்குவோரின் மொழி. நம் வட்டாரத்துக் கடைக்கு வந்தவர் பல மொழியினர். எழுத்தறியாதாரும் அவர்களுள் பலர். எனவே பெயரைவிடப் படமே முதன்மை பெற்றது. மலாயில் ‘சாப்’ என்றும் தமிழில் ‘மார்க்’ என்றும் வழங்கும் இப்பட முத்திரைக்குச் சிறந்த சான்று, 1928இல் சிங்கப்பூரில் லியுங் யுன் சீ தொடங்கிய நிறுவனத்தின் தைலமாகும். அதன் லேபிளில் இருப்பது ஒரு கோடாலி. மலாய்க்காரர் அதனைச் ‘சாப் காப்பாக்’ என்றனர். தமிழர் ‘கோடாலித் தைலம்’ என்றனர். ஊர் திரும்புவோரின் பெட்டியில் அது தமிழ்நாட்டுக்கும் சென்று, அங்கும் அப்பெயராலேயே அறியப்பட்டது. எவரும் மொழிபெயர்த்துத் தராமலே ஒரு படம் தமிழில் பெயர் பெற்றுவிட்டது! 1926இல் ரங்கூனிலிருந்து சிங்கப்பூருக்குப் பெயர்ந்த ஆவ் குடும்பத்தாரின் புலித் தைலமும் இவ்வழியினதே. அதன் தலைவர் ஆவ் பூன் ஹாவின் பெயரிலேயே சீனமொழியில் புலி உண்டு. இன்றைய வடிவமைப்பாளர் தெளிவற்ற மலர்க்கொடியை நாற்புறமும் படரவிடுவதைக் காட்டிலும், ஒரு குழந்தைகூடப் பெயர் சொல்லி அழைக்கத்தக்க ஒரே உருவத்தைத் தேர்ந்துகொள்வது அம்மரபுக்கு நெருக்கமானது.

சென்ற ஆண்டு தொடங்கிய நிறுவனம் தன் உறையில் ‘1920 முதல்’ என்று அச்சிடுவதை அலங்காரம் என ஏற்க இயலாது, அது பொய்.

தமிழ் எழுத்துக்கு வருவோம். ஒரு மாணவர் 1950களின் சாயலில் தைல லேபிள் ஒன்றை வரைகிறார் எனக் கொள்வோம். அதில் ‘தலைவலி’ என்ற சொல் எப்படியும் இடம்பெறும். அதிலுள்ள லைகாரம் அக்காலப் பெரும்பாலான அச்சில் இன்றைய வடிவில் இல்லை; லகரத்தோடு ஒட்டி யானைத் துதிக்கைபோல் வளைந்த கொம்பைப் பெற்றிருந்தது. ணை, ளை, னை ஆகியனவும் அவ்வாறே. ணா, றா, னா ஆகியனவும் துணைக்கால் பெறாமல் சுழித்து எழுதப்பட்டன. பெரியார் 1935இலேயே ‘குடி அரசு’ இதழில் இவற்றைச் சீர்திருத்திப் பயன்படுத்தத் தொடங்கினார். தமிழ்நாடு அரசு 1978இல் ஆணையிட்டு ஏற்றது. சிங்கப்பூரும் மலேசியாவும் பின்னர் ஏற்றன. ஆகவே, ஓவியமும் நிறமும் 1950களைச் சொல்ல, எழுத்து மட்டும் இன்றைய கணினித் திரையிலிருந்து இறங்கி வந்ததுபோல் நின்றால், மூத்த வாசகர் கண் அவ்விடத்தில் இடறும். ஆங்கில எழுத்துக்கு நாள் கணக்கில் எழுத்துரு தேடும் வடிவமைப்பாளர், தமிழுக்குக் கணினியில் முதலில் அகப்பட்டதைப் போட்டுவிடுவது நம் மொழிக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

எனினும், உறை முழுவதையும் பழைய எழுத்தால் நிரப்புமாறு நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்றைய பள்ளி மாணவர் துதிக்கைக் கொம்பைக் கற்றதில்லை. பொருளின் பெயரும் தலைப்புச் சொற்களும் பழைய வடிவில் அமையலாம். பயன்படுத்தும் முறை, சேர்மானம், காலாவதி நாள் ஆகியன இன்றைய எழுத்தில், போதிய அளவில் இருத்தல் வேண்டும். மருந்துக் குறிப்பைத் தடுமாறிப் படிக்கச் செய்யும் அழகு எவருக்கும் வேண்டியதில்லை.

பழைய வடிவைத் தட்டச்சிட வேறு விசைகள் தேவையில்லை. ஒருங்குறியில் லகரமும் ஐகாரக் குறியும் எப்போதும் போலவே உள்ளிடப்படும். அவற்றை இணைத்துக் கொம்பாகக் காட்டுவது எழுத்துருவின் வேலை. எல்லா எழுத்துருக்களும் அதனைச் செய்வதில்லை. அவ்வாறான எழுத்துரு கிடைக்காதபோது சொல் முழுவதையும் ஒரே தூரிகைத் தடிப்பில் கையால் வரைந்துகொள்ளலாம். ஓர் எழுத்தை மட்டும் வரைந்து ஒட்டினால் கோட்டின் பருமன் வேறுபட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.