சேறு காத்து வைத்த கணக்கு

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், மேற்குக் கரையை ஒட்டி ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆல்பைன் நிலப்பிளவு செல்கிறது. பசிபிக் தட்டும் ஆஸ்திரேலியத் தட்டும் உரசிக்கொள்ளும் எல்லை அது. ஐரோப்பியர் குடியேறிய நாளிலிருந்து இன்றுவரை அந்தப் பிளவில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டதில்லை. அதனால் அது சாதுவான பிளவு என்று எண்ணிவிட முடியுமா? சில தலைமுறைகளின் நினைவு இதற்குப் போதாது. எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் பிளவு பெயர்ந்தது என்று நிலத்தைத்தான் கேட்க வேண்டும்.

பிளவை ஒட்டிய ஹொகுரி ஓடைக்கரையில் அதற்கு அருமையான பதில் கிடைத்தது. பிளவு பெயரும்போதெல்லாம் ஒரு பக்கம் உயர்ந்து நீரை மறிக்கும். தேங்கிய நீரில் வண்டல் படியும். நாளடைவில் அங்கே சதுப்புச் செடிகள் மண்டி, மக்கி, கருத்த அடுக்காகும். அடுத்த நடுக்கம் வந்ததும் மறுபடி வண்டல். அடுக்கு மாறும் இடத்தில் சிக்கிய இலைகளையும் விதைகளையும் கார்பன்-14 முறையில் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட கணக்கின்படி, 8,000 ஆண்டுகளில் 24 நடுக்கங்கள். சராசரி இடைவெளி 329 ஆண்டுகள். கடைசியாக வந்தது 1717-இல். மரங்களின் ஆண்டு வளையங்களும் அதை உறுதிப்படுத்துகின்றன. தட்டுகளோ ஆண்டுக்குச் சுமார் 27 மில்லிமீட்டர் வீதம் பிளவை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. 300 ஆண்டுகளில் சேர்ந்த பாக்கி மட்டும் 8 மீட்டர்! அடுத்த 50 ஆண்டுகளில் பெரும் நடுக்கம் வருவதற்கு 75 விழுக்காடு வாய்ப்பு என்று 2021-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதற்கு முன் சொல்லிவந்தது 30 விழுக்காடு அளவில்தான்.

இத்தகைய கணக்கு பொய்த்ததில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் 1857 முதல் 1966 வரை சராசரியாக 22 ஆண்டுக்கு ஒருமுறை நடுக்கம் வந்தது. 1993-க்குள் அடுத்தது வரும் என்று கருவிகளோடு காத்திருந்தார்கள், வந்தது 2004-இல். ஆனால் அங்கே கையில் இருந்தவை ஆறே நடுக்கங்கள். குறித்ததோ சில ஆண்டுக் கெடு. ஹொகுரியின் கணக்கு 24 நடுக்கங்களைக் கொண்டது. அது கெடு எதுவும் குறிக்கவில்லை. பாலம் கட்டும் பொறியாளருக்கும் தேதி தேவையில்லை. பாலத்தின் ஆயுளுக்குள் அதிர்வு வருமா, வந்தால் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்று தெரிந்தால் போதும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம், அதே தெற்குத் தீவின் கிறைஸ்ட்சர்ச் நகரம். 2010-இல் அந்நகருக்கு மேற்கே, யாரும் அறியாதிருந்த பிளவு ஒன்று பெயர்ந்தது. 2011 பிப்ரவரியில் அதைத் தொடர்ந்து நகருக்கு அடியிலேயே எழுந்த நடுக்கத்தில் 185 பேர் மாண்டார்கள். தெரிந்த பிளவுகளின் பட்டியல் ஒருநாளும் முழுமையாகாது என்பது உண்மை. அதனால்தான் அபாய வரைபடம் தயாரிப்பவர்கள், பிளவு தென்படாத இடங்களுக்கும் ஒரு நடுக்க வாய்ப்பைக் கணக்கில் சேர்க்கிறார்கள். தெரியாத பிளவுகள் இருப்பதால் தெரிந்த பிளவின் ஆபத்து குறைந்துவிடாது. ஆல்பைன் பிளவில் 8 அளவிலான நடுக்கம் வந்தால் மலையைக் கடக்கும் சாலைகள் சரிவுகளால் மூடப்பட்டு, மேற்குக் கரை ஊர்கள் துண்டிக்கப்படும் என்று கொண்டு, உதவி எந்த வழியாகச் சேரும் என்பதைத் தெற்குத் தீவின் பேரிடர் மேலாண்மைக் குழுக்கள் 2016 முதல் கூட்டாகத் திட்டமிட்டு வருகின்றன.