கிழக்கே ஒரு பிரயாணம் – 6: மயில் முத்திரை

பாங்காக்கின் மரகத புத்தருக்கு வெயிற்காலம், மழைக்காலம், குளிர்காலம் என்று மூன்று பருவங்களுக்கும் மூன்று உடைகள் உண்டென்பதையும், பருவம் மாறும் நாளில் மன்னரே அவற்றை மாற்றுவார் என்பதையும் சென்ற வாரம் எழுதினேன். இந்த வாரம், சாவ் பிரயா நதிக்கரையில் 1876-ஆம் ஆண்டிலிருந்து விருந்தினரை வரவேற்று வரும் ஓரியண்டல் ஹோட்டலின் சுகபோகங்களை வர்ணிப்பதாக வாக்களித்திருந்தேன். அதற்குள் ஒரு பட்டுத் துணி குறுக்கே வந்துவிட்டது.

பாங்காக்கின் சித்திரை வெயிலைச் சென்னைவாசிக்கு விளக்க வேண்டியதில்லை. அத்தகைய வெயிலில், சனி ஞாயிறுகளில் கூடும் சாடுசாக் சந்தைக்குள் நானும் என் மனைவியும் நுழைந்தபோது மணி பதினொன்று. பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள்; தகரக் கூரைகளின் கீழ் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு நகரும் ஜனத்திரள்; பீங்கான் கிண்ணமும் பழைய கடிகாரமும் கூண்டுக்கிளியும் தென்னங்கருப்பட்டியும் ஒரே சந்தில் விற்பனையாகும் விசித்திரம். அங்கே ஒரு கடையில் கருநீலச் சால்வை ஒன்றை, "தாய்லாந்துப் பட்டு" என்று கடைக்காரர் அடித்துச் சொன்னதை நம்பி, பாதி விலைக்குப் பேரம் பேசி வாங்கினேன்.

அறைக்குத் திரும்பியதும் என் மனைவி அதை இரு விரலால் தேய்த்துப் பார்த்தாள். அவள் பிறந்தது காஞ்சிபுரத்தில். தறிச் சத்தத்தில் உறங்கி எழுந்து வளர்ந்தவள். "ஏங்க, இது பட்டு இல்லைங்க. கையில வழுக்குற வழுக்கலைப் பாருங்க" என்றவள், ஓரத்திலிருந்து ஓரிழையை உருவி, தீக்குச்சியைக் கிழித்து அதன் நுனியில் காட்டினாள். அசல் பட்டு எரிந்தால் தலைமுடி பொசுங்கும் வாசனை வரும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும். இதுவோ உருகிச் சுருண்டு, கடுகளவு கறுப்பு மணியாக இறுகிவிட்டது. நகத்தால் அழுத்தினாலும் உடையவில்லை.

மறுநாள் அசலைத் தேடிப் புறப்பட்டபோதுதான், இவ்வாரம் முழுவதும் என் மனத்தை ஆட்கொண்டிருக்கும் விஷயம் தெரியவந்தது. தாய்லாந்தில் பட்டுக்கு அரச முத்திரை ஒன்று உண்டு. அந்த முத்திரை மயில்! கிராமத்துப் பட்டு நெசவைப் பல்லாண்டுகள் போஷித்து வந்த அரசி சிரிகித் அவர்களின் ஆதரவில் பிறந்த அம்முத்திரையில் நான்கு வர்ணங்கள் உண்டு. பாவு, ஊடை இரண்டுமே நாட்டுப் பட்டுப்புழுவின் நூலாக இருந்து, அந்த நூலும் கையால் நூற்கப்பட்டு, கைத்தறியில் நெய்யப்பட்டிருந்தால்தான் தங்க மயில். அந்நிபந்தனைகள் சற்றே தளர்ந்தது வெள்ளி மயில். நூல் அசல் பட்டாயிருந்து நெய்த முறை எதுவாயினும் நீல மயில். பட்டோடு வேறு நூல் கலந்திருந்தால் பச்சை மயில். கலப்படத்தை மறைக்காமல், அதற்கும் ஒரு மயிலைக் கொடுத்து, வாங்குபவர் அறிந்தே வாங்கட்டும் என்று விட்டிருக்கும் நேர்மையை நினைக்க நினைக்க எனக்கு ஆனந்தமாயிருக்கிறது. நம் தேசத்திலும் பட்டுக்கு ஒரு முத்திரையும் கைத்தறிக்கு வேறொரு முத்திரையும் உண்டு. ஆனால் புழுவின் ஜாதியிலிருந்து தறியின் ஜாதி வரையில் ஒரே பார்வையில் சொல்லிவிடும் சின்னம் அந்தத் தங்க மயில்.

அந்த நாட்டுப் புழு கட்டும் கூடு மஞ்சள் நிறமானது. கொதிநீரில் மிதக்கும் கூடுகளிலிருந்து வடகிழக்குக் கிராமத்துப் பெண்கள் கையால் இழுத்தெடுக்கும் நூல், இயந்திரம் இழுக்கும் நூலைப்போல் ஒரே சீராக இராது. ஓரிடத்தில் பருத்தும், ஓரிடத்தில் மெலிந்தும், இடையிடையே சிறு முடிச்சுகள் கொண்டும் வரும். அந்த மேடுபள்ளங்களில் வெளிச்சம் விழுந்து சிதறுவதே அத்துணியின் ஜீவன்.

இந்த ஜீவனை உலகுக்குக் காட்டியவர் ஓர் அமெரிக்கர். ஜிம் தாம்ஸன் கட்டடக் கலை பயின்றவர். இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில், 1945-இல், இராணுவ உளவுப் பணியின் பொருட்டுப் பாங்காக் வந்தவர். நான் சொல்ல வந்த அதே ஓரியண்டல் ஹோட்டலைச் சீரமைக்கும் முயற்சியில் முதலில் பங்குகொண்டு, பின் அதை விட்டு விலகி, நலிந்து கிடந்த பட்டு நெசவின்மேல் காதல் கொண்டார். துணி மாதிரிகளைச் சுமந்துகொண்டு நியூயார்க் சென்று 'வோக்' பத்திரிகையின் ஆசிரியையிடம் காட்டினார். 1948-இல் பட்டுக் கம்பெனியைத் தோற்றுவித்தார். 1951-இல் 'தி கிங் அண்ட் ஐ' நாடகம் அரங்கேறியபோது அதன் உடைகளில் அவருடைய பட்டு மின்னியது. ஆறு பழைய தேக்கு வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து, அவற்றை இணைத்து அவர் அமைத்த இல்லம் இன்று காட்சிசாலை. வெளிப்புறம் பார்த்திருந்த சுவர்களைத் திருப்பி, அவற்றின் வேலைப்பாடு அறைக்குள் தெரியும்படி அவர் நிறுத்தியிருக்கிறார். 1967 மார்ச் 26-ஆம் தேதி, மலேசியாவின் கேமரன் மலையில் நண்பர்களுடன் தங்கியிருந்தவர், பிற்பகலில் வெளியே நடந்து சென்றார், திரும்பவில்லை. காட்டைச் சல்லடையாகச் சலித்தும் அந்த மர்மம் இன்றளவும் விடுபடவில்லை.

தாம்ஸன் தம் இல்லத்தைக் கால்வாய்க் கரையில் அமைத்ததற்குக் காரணம் எதிர்க்கரை. மன்னர் மூன்றாம் ராமர் காலத்தில், 1837-இல் வெட்டத் தொடங்கிய சேன்சேப் கால்வாய்க்கு அப்பால் பான் குருவா என்றொரு குடியிருப்பு. அங்கே வாழ்பவர்கள் சம்பா தேசத்து வம்சாவளியினரான சாம் முஸ்லிம்கள்; அரசரின் படையில் சேவித்ததற்காக அவர்களுடைய முன்னோர் பெற்ற பூமி அது. தாம்ஸனுக்கு முதன்முதல் நெய்து கொடுத்த கைகள் அங்கிருந்தவையே. தாம் தருவித்த சாயத்தையும் நூலையும் கொடுத்து, நாள்தோறும் அவர் கால்வாயைக் கடந்துபோய்த் துணியைப் பார்வையிடுவாராம்.

நாங்களும் கடந்தோம். இருவர் சேர்ந்து நடக்க இடமில்லாத சந்து. தறிகள் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. ஒரு வீட்டில் தலைக்கு முக்காடிட்ட மூதாட்டி ஒருவர் தறியில் அமர்ந்திருந்தார். தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. அதன் காற்று அவர்மேல் படவில்லை. பச்சைப் பாவினூடே நீல ஊடையைத் தாங்கிய நாடா ஓடிற்று. பலகை இருமுறை அடித்தது. துணி நூலளவு வளர்ந்தது. பாஷை இல்லாமலே என் மனைவியின் பார்வையைப் புரிந்துகொண்டவர்போல, தறியை நிறுத்தி, நெய்து முடித்த ஒரு துண்டின் முனையைச் சன்னல் பக்கம் தூக்கிச் சாய்த்தார். பச்சை நீலமாயிற்று, மறுபக்கம் சாய்த்தபோது நீலம் பச்சையாயிற்று.

"நம்ம மயில்கழுத்துங்க!" என்றாள் என் மனைவி.

ஆம், அதேதான். பாவில் ஒரு நிறமும் ஊடையில் ஒரு நிறமுமாக விட்டு, அசைவில் இரண்டையும் விளையாட விடும் வித்தையைக் காஞ்சிபுரத்து நெசவாளர் மயில்கழுத்து என்றும் மாந்துளிர் என்றும் பெயரிட்டு வழங்குகிறார்கள். சம்பா தேசத்துச் சந்ததியார் பாங்காக்கின் கால்வாய்க் கரையில் அதையே நெய்கிறார்கள். யார் யாரிடம் கற்றார்கள் என்ற ஆராய்ச்சியில் நான் இறங்கவில்லை. மயிலின் கழுத்தைக் கண்டு வியந்த கண்கள் இரு தேசத்திலும் இருந்தன என்பதே எனக்குப் போதும்.

அந்தத் துண்டை அவர் சொன்ன விலைக்கே வாங்கினோம். பேரம் பேச நா எழவில்லை. சந்தையில் பாதி விலைக்கு வாங்கிய போலியைவிட அது பன்மடங்கு விலை. ஆயினும் போலிக்குக் கொடுத்ததே நஷ்டம். இதற்குக் கொடுத்தது கூலி. போகம், ஆடம்பரம் என்று பிரயாணிகள் தேடி அலைவது பளிங்குத் தரையிலும் குளிரூட்டிய கூடத்திலும் இருப்பதாக நானும் எண்ணியிருந்தேன். ஒரு மனுஷி தன் நாட்களைச் செலவிட்டு நெய்த துணியைத் தோளில் இட்டுக்கொள்வதைவிடப் பெரிய போகம் உண்டென்று இப்போது எனக்குத் தோன்றவில்லை.

1923-இல் மலேரியா ஜுரத்தோடு சாமர்செட் மாம் வந்து படுத்த அந்த நதிக்கரை ஹோட்டலுக்கு அடுத்த வாரம் நிச்சயம் போவோம். அதற்குள், பாங்காக் செல்லும் வாசகர் எவரேனும் இருந்தால் ஒரு விண்ணப்பம்: துணியின் விலையைக் கேட்குமுன் அதன் மயில் எந்த நிறமென்று கேளுங்கள், பின்பு அதை வெளிச்சத்தில் ஒருமுறை சாய்த்துப் பாருங்கள்.