வைத்தியரின் மனச்சோர்வு

பிறர் முகவாட்டத்தைக் கண்டு நோயறியும் வைத்தியரின் முகம் வாடினால், அதைக் கவனிப்பார் யாருமில்லை. கொள்ளிடத்திற்கு வடக்கே, அரிசி ஆலைகளுக்குப் பெயர்போன மண்ணச்சநல்லூர் வட்டாரத்தில் ஏதேனும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு காலைப்பொழுது நின்று பார்ப்போருக்கு நாம் சொல்வது விளங்கும். காய்ச்சல்காரர், கர்ப்பிணிகள், நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாங்க வந்த முதியோர், நாய்க்கடிக்கு ஊசி போட வந்த சிறுவர் ஆகிய அனைவரையும் பார்த்து முடித்த பின்னர், பதிவேடுகளும் முகாம்களும் கூட்டங்களும் காத்து நிற்கின்றன.

இவ்வுழைப்பில் உறக்கமிழந்து, ஊக்கம் குன்றி, தம் தொழிலையே வெறுக்கத் தலைப்படும் வைத்தியரை நோக்கி, "மனோதிடம் போதாது" என்பார் உளர். இது அநியாயமான தீர்ப்பு. ஓயாத வேலை நெருக்கடியால் நேரும் அசதியை, உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் ஏற்ற நோய்ப் பட்டியலில், ஒரு வியாதியாகக் கொள்ளாமல், சரிவரச் சமாளிக்கப்படாத வேலைத்தல நெருக்கடியின் விளைவாகவே குறித்திருக்கிறது. அசதியைக் கவனியாது விட்டால், அது மனச்சோர்வு நோய்க்கு வழிகோலக்கூடும். ஆகவே குற்றம் வைத்தியருடையதன்று, வேலையைப் பங்கிட்டவர்களுடையது.

இது புதிதாகத் தெரியவந்த உண்மையுமன்று. ஸர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த கமிட்டி, உடனடி ஏற்பாடாக 40,000 ஜனங்களுக்கு 2 வைத்தியர்களும், நாளடைவில் 10,000 முதல் 20,000 ஜனங்களுக்கு 6 வைத்தியர்களும் 75 படுக்கைகளும் வேண்டுமென்று 1946இலேயே கூறிற்று. 2019 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு வைத்தியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, நோயாளிகளின் தொகைக்கேற்ப வைத்தியர்களை நியமிக்க வேண்டுமென்பது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. 73 ஆண்டுகள் கழிந்தும் அதே பல்லவியைப் பாட நேர்ந்தது நமக்குப் பெருமை தருவதா?

நிற்க. சிகிச்சை நாடுவோரின் இரகசியத்தை 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் காக்கிறது. 14416 என்ற எண்ணில் இலவச ஆலோசனையும் கிடைக்கிறது. எனினும், உத்தியோகத்திற்குப் பழுது வருமோ என்றஞ்சி வைத்தியர் தம் நோயை மறைக்கிறார். ஊருக்கெல்லாம் "மறைக்காமல் சொல்லுங்கள்" என்று புத்தி சொல்பவர் தாமே வாய்மூடியிருக்கும் விபரீதம் இது.

காலியிடங்களை நிரப்புக, வாரத்தில் ஒரு நாள் மெய்யான ஓய்வளித்திடுக, மேலதிகாரிக்குத் தெரியாமலே ஆலோசனை பெற வழிசெய்க. ஸ்ரீரங்கத்தில் பிறந்த டாக்டர் தி. சே. சௌ. ராஜன் 1937இல் சென்னை மாகாணத்தின் சுகாதார மந்திரியானார். வைத்தியரையே மந்திரியாக்கிய இந்த ஜில்லாவின் கோரிக்கை சர்க்காரின் செவியில் ஏறவேண்டும். களைத்த கை எழுதும் மருந்துச் சீட்டினால் கேடுறப் போகிறவர் ஏழை நோயாளியே என்பதை ஜனங்களும் மறத்தலாகாது.